பளபளன்னு இருக்கு, ஆனா உதடு காயுதே! டின்டட் லிப் பாம், கிளாஸ், லிப் ஆயில்... எதை, எப்படி வாங்கணும்?

காலையில் கிளம்பும்போது போட்ட லிப் கிளாஸ், லிஃப்ட் கண்ணாடியில் சூப்பரா தெரியும். பதினோரு மணிக்கு உதடு லேசா இழுக்கிற மாதிரி இருக்கேன்னு இன்னொரு கோட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. சாயங்காலம் பார்த்தால் உதட்டின் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கும். 'டியூப்ல ஹைட்ரேட்டிங்னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் இப்படி?' என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நிறம், பளபளப்பு, ஈரப்பதம். மூன்றும் ஒரே டியூப்பில் கிடைக்கும் என்று சொல்லித்தான் டின்டட் லிப் பாம், லிப் கிளாஸ், லிப் ஆயில் எல்லாமே விற்பனையாகின்றன. ஆனால், இந்த மூன்று வேலைகளையும் பெரும்பாலும் வெவ்வேறு பொருட்கள்தான் செய்கின்றன. முதல் இரண்டும் போட்ட நொடியிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது வேலை நடக்கிறதா என்பது, நிறமும் பளபளப்பும் போன பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நாம் ஏமாறும் இடமும் அதுதான்.

உதடு மட்டும் ஏன் சீக்கிரம் காயுது?

முகத்தின் மற்ற இடங்களில் உள்ள தோலுக்கும் உதட்டுத் தோலுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தண்ணீர் வெளியேறாமல் காக்கிற வெளி அடுக்கு உதட்டில் ரொம்ப மெல்லியது. வியர்வைச் சுரப்பிகள் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் கிட்டத்தட்ட இல்லை. மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழிந்தாலும் அதே முகத்தில் இருக்கும் உதடு காய்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். தனக்கு வேண்டிய எண்ணெயை உதடு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும்.

'சென்னையில இவ்வளவு ஈரக்காத்து இருக்கே, அப்புறம் ஏன் காயுது?' என்று கேட்கலாம். எட்டு மணி நேரம் ஏ.சி அறை, போக வர பைக்கில் முகத்தில் அடிக்கிற காற்று, தூக்கத்தில் வாய் வழியாக மூச்சு விடுவது, மார்கழிப் பனி... இவை எல்லாமே உதட்டின் ஈரத்தைக் குறைக்கும்.

இதையெல்லாம் விட மோசமான ஒன்று, நாமே செய்வது. உதடு காய்ந்தால் நாக்கால் நனைப்பது! நனைத்த எச்சில் ஆவியாகும்போது உதடு முன்பைவிட அதிகமாகக் காயும். போதாததற்கு, எச்சிலில் இருப்பது உணவைச் செரிக்க உதவும் என்சைம்கள். அவை மெல்லிய உதட்டுத் தோலை இன்னும் எரிச்சலாக்கும். வாசனையும் இனிப்புச் சுவையும் உள்ள கிளாஸ் போட்டால் நாக்கு அடிக்கடி உதட்டுக்குப் போகும். ஸ்ட்ராபெரி ஃப்ளேவருக்கு இப்படியும் ஒரு பக்கவிளைவு உண்டு.

சப்பாத்தி மாவு ஃபார்முலா

சப்பாத்தி மாவைப் பிசைந்து திறந்து வைத்தால் என்ன ஆகும்? மேல்பக்கம் காய்ந்து வெடிக்கும். தண்ணீர் தெளித்துவிட்டுத் திறந்தே வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அதே கதைதான். கொஞ்சம் எண்ணெய் தடவி, மூடி போட்டு வைத்தால்தான் மாவு மெத்தென்று இருக்கும். உதட்டுக்கும் இதே கணக்குதான்.

*தண்ணீரைப் பிடித்து வைப்பவை:* கிளிசரின், தேன், ஹயலூரானிக் ஆசிட். கடைசியாகச் சொன்னது லேபிளில் 'சோடியம் ஹயலூரனேட்' என்ற பெயரில் இருக்கும்.

*மென்மையாக்குபவை:* ஷியா பட்டர், ஸ்குவாலேன், ஜோஜோபா ஆயில், பாதாம் எண்ணெய் போன்றவை. உரிந்து நிற்கும் தோலின் இடைவெளிகளை நிரப்பி வழவழப்பாக்கும்.

*மூடி போடுபவை:* பெட்ரோலேட்டம், தேன்மெழுகு, டைமெத்திகோன். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். பெட்ரோலேட்டம் என்றால் பெட்ரோலியம் ஜெல்லி. அமெரிக்காவின் ராபர்ட் செஸ்பரோ 'வாஸலின்' என்று பெயரிட்டு அதற்கு பேட்டன்ட் வாங்கியது 1872-ல். 150 வருடங்கள் தாண்டியும் தோல் மருத்துவர்கள் வெடித்த உதட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். விலை குறைவு, வாசனை இல்லை, அலர்ஜி வருவதும் அரிது.

முதல் வகை மட்டும் இருந்து மூடி இல்லாவிட்டால், ஏ.சி அறையில் அந்த ஈரமும் போய்விடும். மூடி போடும் பொருள் கட்டாயம் வேண்டும். மற்ற இரண்டில் ஒன்றாவது கூடவே இருந்தால் நல்லது.

சரி, பளபளப்பு எங்கிருந்து வருகிறது? லேபிளில் 'பாலிபியூட்டீன்', 'ஹைட்ரஜனேட்டட் பாலிஐசோபியூட்டீன்' என்றெல்லாம் இருக்கும். கெட்டியான, பிசுபிசுப்பான இந்த திரவங்கள் உதட்டின் கோடுகளை மூடி, வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்கும். அதன் மேல் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் 'கிளாஸி லுக்'. அடுத்து 'ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்' என்று ஒரு பெயர் இருக்கும். பயப்படாதீங்க. சின்ன வயசில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே விளக்கெண்ணெய்தான்! லிப்ஸ்டிக்கிலும் கிளாஸிலும் இது பல காலமாகவே முக்கியமான பொருள்.

இந்தப் படலமும் ஈரம் போவதைக் கொஞ்சம் தடுக்கும். அதனால் கிளாஸ் போட்டாலே கெடுதல் என்றில்லை. ஆனால் டீ டம்ளரிலும் பிரியாணியிலும் அந்தப் படலம் போய்விடும். போன பிறகு உதட்டைக் காக்க உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எது யாருக்கு?

*டின்டட் லிப் பாம்:* மெழுகும் வெண்ணெய் வகைகளும் அதிகம், நிறம் குறைவு, பளபளப்பு மிதம். உதடு அடிக்கடி வெடிக்கிறவர்கள், முதல் தடவை வாங்குகிறவர்கள், காலேஜ், ஆபீஸ் என தினமும் போடுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். கண்ணாடி பார்க்காமலே போட்டுக்கொள்ளலாம் என்பது போனஸ்.

*லிப் கிளாஸ்:* பளபளப்பு அதிகம், பிசுபிசுப்பும் அதிகம். பைக்கில் போனால் முடியும் தூசியும் வந்து ஒட்டும். கல்யாணம், போட்டோ, சாயங்கால அவுட்டிங் மாதிரி சில மணி நேரத்துக்கு சரி.

*லிப் ஆயில்:* கிளாஸ் மாதிரி மின்னும், ஆனால் பிசுபிசுப்பு குறைவு. நழுவிப் போவதும் சீக்கிரம். பெயரில் 'ஆயில்' இருப்பதால் எல்லாமே தாவர எண்ணெய் என்று நினைக்க வேண்டாம். பலவற்றில் மேலே சொன்ன பாலிபியூட்டீன் வகைகள்தான் முதல் இடத்தில் இருக்கும்.

*கிளாஸி டின்ட்:* கொரியன் டிராமா பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். மேலே இருக்கும் பளபளப்பு போனாலும் உதட்டில் கறை மாதிரி நிறம் நிற்கும். சாப்பிட்ட பிறகும் கலர் வேண்டும் என்பவர்களுக்கு ஓகே. ஆனால் உதடு ஏற்கெனவே உரிந்திருந்தால், உரிந்த இடத்தில் மட்டும் சாயம் அதிகம் ஏறி திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் முதலில் உதட்டைச் சரி பண்ணிவிட்டு அப்புறம் டின்டுக்கு வாங்க.

இது பெண்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. உதடு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் காய்கிறது. நிறம் வேண்டாம் என்கிற ஆண்கள், இதே விதிகளை வைத்து நிறமில்லாத லிப் பாம் எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஹயலூரானிக் ஆசிட்', 'வைட்டமின் ஈ' என்று இருப்பதை மட்டும் பார்க்காதீங்க. அட்டையைத் திருப்புங்க. பொருட்களின் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை இப்படி வரிசையாக வரும். அதற்குக் கீழே இருப்பவை எந்த வரிசையிலும் வரலாம். அதனால் முதல் ஐந்து பெயர்கள்தான் அந்த டியூப்பின் உண்மையான முகம். அந்த ஐந்தில் பெட்ரோலேட்டம், ஷியா பட்டர், தேன்மெழுகு, விளக்கெண்ணெய், டைமெத்திகோன் போன்ற இரண்டு மூன்று இருந்தால் நல்ல அறிகுறி. ஹயலூரானிக் ஆசிட்டைப் பொதுவாகவே சிறு அளவில்தான் சேர்ப்பார்கள். அது பட்டியலின் கீழே இருப்பது தவறில்லை. அதை மட்டுமே நம்பி வாங்குவதுதான் தவறு.

டியூப் சின்னது என்பதால் பட்டியல் அட்டையிலோ கம்பெனி வெப்சைட்டிலோ இருக்கலாம். எங்கேயுமே இல்லை என்றால், எவ்வளவு அழகான பேக்கிங்காக இருந்தாலும் விட்டுவிடுங்க.

வெஜிடேரியன்களுக்கு ஒரு தகவல். 'கார்மைன்' அல்லது 'சிஐ 75470' என்று இருந்தால், அந்தச் சிவப்பு நிறம் காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்தது. 'லானோலின்' ஆட்டு ரோமத்திலிருந்து கிடைப்பது. வீகன் என்றால் தேன்மெழுகையும் கவனிக்கணும்.

ஜில்லுன்னு இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

இல்லை! உதட்டில் போட்டதும் ஜில்லென்றோ சுருக்கென்றோ இருந்தால், 'மருந்து வேலை செய்யுது' என்று நினைக்கிறோம். உண்மையில் அது உதடு சொல்லும் புகாராக இருக்கலாம். உதடு வெடித்திருக்கும்போது மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், சாலிசிலிக் ஆசிட், வாசனைப் பொருட்கள், பட்டை, புதினா, சிட்ரஸ் ஃப்ளேவர்கள் உள்ளவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க தோல் மருத்துவ அகாடமி. எரிச்சலோ குறுகுறுப்போ வந்தால் அந்தப் பொருளையே நிறுத்திவிடச் சொல்கிறது. மேலே சொன்ன லானோலினும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

'லிப் பிளம்பர்' என்ற பெயரில் வரும் கிளாஸ்களில் உதடு பெரிதாகத் தெரிவதற்காகவே பட்டை, மிளகாய்ச் சாறு போன்றவற்றைச் சேர்ப்பது உண்டு. லேசான எரிச்சலை உண்டாக்கி, அதனால் வரும் வீக்கத்தைத்தான் 'வால்யூம்' என்கிறார்கள். வெடித்த உதட்டில் இது வேண்டவே வேண்டாம்.

உதடு காய்கிறது என்று ஜில்லென்ற பாம் போட்டு, அது எரிச்சலாக்கி, இன்னும் காய்ந்து, மறுபடியும் அதையே போடுவது ஒரு சுழல். 'லிப் பாமுக்கு அடிமையாயிட்டேன்' என்று சொல்கிறவர்கள் பலர் மாட்டியிருப்பது இந்தச் சுழலில்தான். இரண்டு வாரம் வாசனையே இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லிக்கு மாறிப் பாருங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஷேடு எடுப்பது எப்படி?

டின்டட் வகைகள் எல்லாமே பாதி ஊடுருவித் தெரியும் நிறங்கள். மஞ்சள் சுடிதார் மேல் மெல்லிய சிவப்பு துப்பட்டா போட்டால் அந்த இடம் ஆரஞ்சாகத் தெரியும் இல்லையா? அதே மாதிரி, டியூப்பின் நிறமும் உங்கள் உதட்டின் நிறமும் சேர்ந்துதான் கடைசி ரிசல்ட். இதற்கு நல்ல உதாரணம், க்ளினிக் நிறுவனம் 1971-ல் கொண்டுவந்த 'பிளாக் ஹனி'. டியூப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட கறுப்பு. உதட்டில் போட்டால் மெல்லிய நாவல்பழச் சாயல். ஒவ்வொருவர் உதட்டிலும் அது கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

நம் ஊரில் பலருக்கும் உதட்டில் பழுப்பு நிறம் இருக்கும். மேலுதடு கொஞ்சம் அடர்த்தியாகவும் கீழுதடு வெளிறியும் இருப்பது ரொம்ப சகஜம். வெள்ளை கலந்த பேபி பிங்க் நிறங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு அதிகம் இருக்கும். அது பழுப்பு உதட்டில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதற்குப் பதில் நாவல்பழம், மாதுளை, பீட்ரூட், செங்கல், அரக்கு, ரோஸ் பிரவுன் பக்கம் போங்க. கடையில் டெஸ்ட் பண்ணும்போது புறங்கையில் போடுவதைவிட விரல் நுனியில் போட்டுப் பாருங்க. உதட்டு நிறத்துக்கு விரல் நுனிதான் கொஞ்சம் பக்கம். ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு பண்ணாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்க.

'உங்கள் பிஹெச் அளவுக்கு ஏற்ப உங்களுக்கே உங்களுக்கான நிறம்' என்று விற்கும் பாம்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாகவோ நிறமில்லாமலோ இருக்கும், உதட்டில் பட்டதும் பிங்க் ஆகும். மேஜிக் இல்லை. 'ரெட் 27' அல்லது 'சிஐ 45410' என்று லேபிளில் இருக்கும் ஒருவகைச் சாயம், உதட்டின் ஈரமும் பிஹெச்சும் பட்டதும் பிங்க்காக மாறுகிறது. கடைசியில் எல்லாருக்கும் வருவது ஏதோ ஒரு பிங்க்தான். பிடித்திருந்தால் வாங்கலாம். 'எனக்காகவே தயாரானது' என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். 'கறுத்த உதடு பத்தே நாளில் பிங்க் ஆகும்' என்ற விளம்பரங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் உதட்டுக்கும் நிறம் தருகிறது. மாநிறத் தோலுக்குப் பழுப்பு உதடு இயல்பு. அது நோய் இல்லை, அழுக்கு இல்லை, தேய்த்து எடுக்கும் கறையும் இல்லை. எந்த டின்டட் பாமும் அதை மாற்றாது, மாற்ற வேண்டியதும் இல்லை. பதினாறு வயதில் கண்ணாடி முன் நின்று சர்க்கரையும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தால், கிடைப்பது எரிச்சல்தான். அந்த எரிச்சலே உதட்டை இன்னும் கறுப்பாக்கும். அதே சமயம், முன்பு இல்லாத கறுமை புதிதாக வந்திருந்தால் கவனிக்கணும். சிகரெட், ஒத்துக்கொள்ளாத ஒரு லிப்ஸ்டிக் அல்லது டூத்பேஸ்ட், நாக்கால் நனைக்கும் பழக்கம் என்று காரணம் இருக்கலாம். காரணத்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

போடுவதற்கும் முறை இருக்கு

1. பல் தேய்த்த பிறகு உதட்டில் பேஸ்ட் மிச்சம் இல்லாமல் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்க. லேசான ஈரம் இருக்கும்போதே நிறமில்லாத பாம் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம் தடவுங்க.

2. ஐந்து நிமிடம் கழித்து டிஷ்யூவால் மெதுவாக ஒற்றுங்க. மேலே எண்ணெய் நின்றால் நிறம் நழுவும்.

3. டின்டட் பாம் என்றால் அப்படியே போடலாம். டின்ட் என்றால் நடு உதட்டில் வைத்து விரலால் வெளிப்பக்கமாகப் பரப்புங்க.

4. கிளாஸைக் கீழுதட்டின் நடுவில் மட்டும் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஓரம் வரை இழுத்தால் வழிந்து வெளியே வரும்.

5. சாப்பிட்ட பிறகு பழையதன் மேலேயே அடுத்த கோட் போடாதீங்க. துடைத்துவிட்டு, முதலில் பாம், அப்புறம் நிறம்.

6. உரிந்த தோலைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டாம். தினமும் ஸ்க்ரப்பும் வேண்டாம். ராத்திரி தேங்காய் எண்ணெயால் நிறத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவித் தூங்குங்க. தானாக விழும்.

வெயிலில் அதிகம் அலைகிறவர்கள் எஸ்.பி.எஃப் 30 உள்ள பாம் எடுப்பது நல்லது. மேல்நோக்கி இருப்பதால் கீழுதட்டில்தான் வெயில் அதிகம் படும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போடணும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

பேட்ச் நம்பர், தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், எக்ஸ்பைரி, தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா பாருங்க. உதட்டில் போடுவது கொஞ்சமாவது வயிற்றுக்குப் போகும். இந்தியாவில் அழகுசாதனச் சாயங்களில் ஈயம் 20 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. முகவரியே இல்லாத ரோட்டோர டியூப்பில் அந்த வரம்பை யார் பார்த்திருப்பார்கள்? பெரிய பிராண்டின் பெயரில் பாதி விலைக்கும் கீழே வரும் 'ஃபர்ஸ்ட் காப்பி'க்கும் இதே கேள்விதான்.

திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னத்துக்குள் 6எம், 12எம் என்று இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். மே மாத வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பழைய எண்ணெய் வாசனை வந்தால் தூக்கிப் போடுங்க.

உயிர்த் தோழியாக இருந்தாலும் டியூப்பைப் பகிராதீங்க. உதட்டோரம் நீர்க்கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இப்படியும் பரவலாம். கடை டெஸ்டரை நேராக உதட்டில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அலர்ஜி உள்ளவர்கள் புதியதை முழங்கை உள்மடிப்பில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டு போங்க.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

பெட்ரோலியம் ஜெல்லியை ஒழுங்காகப் போட்டும் இரண்டு மூன்று வாரத்தில் வெடிப்பு ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்க. வாயின் ஓரங்களில் மட்டும் வெடித்துப் புண்ணானால் பூஞ்சைத் தொற்றோ, இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைபாடோ காரணமாக இருக்கலாம். அதை எந்த லிப் ஆயிலும் சரி செய்யாது. பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உதடு காய்வது ரொம்பவே சகஜம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்க. ஒரு புதிய டியூப் வாங்கிய பிறகு அரிப்பு, வீக்கம், சுற்றிலும் சிவப்பு என்று வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். போகும்போது அந்த டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்க. காரணத்தைக் கண்டுபிடிக்க அதுதான் முதல் துப்பு.

வாங்கும் முன் ஒரு குட்டி செக் லிஸ்ட்

* முதல் ஐந்து பெயர்களில் மூடி போடும் பொருள் இருக்கா?
* மென்தால், கற்பூரம், பட்டை, அதிக வாசனை இல்லையே?
* பகல் வெளிச்சத்தில் விரல் நுனியில் பார்த்தாச்சா?
* பேட்ச் நம்பர், முகவரி, எக்ஸ்பைரி இருக்கா?

வாங்கிய பிறகு ஒரே ஒரு டெஸ்ட். ஒரு நாள் போட்டுவிட்டு, நாலு மணி நேரம் கழித்து மிச்சம் இருப்பதை முழுசாகத் துடைத்துவிட்டு உதட்டைத் தொட்டுப் பாருங்க. போடுவதற்கு முன் இருந்ததைவிட மெத்தென்று இருந்தால், அந்த டியூப் உங்களுக்கானது. இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால், பளபளப்புக்கு மட்டும்தான் காசு கொடுத்திருக்கீங்க!